தலையில் கை வைத்த மருமகன்

வாடா மருமகனே, உள்ள வா. அந்தப் பிளாஸ்டிக் சேர் வேணாம், முதுகு சாயிற மர நாற்காலியில உக்காரு. கழுத்துல பட்டை, கக்கத்துல முழ நீளத்துக்கு ஒரு கவர், மூஞ்சியில எட்டூருக்குப் போதுமான கவலை. நீ பஸ்ஸை விட்டு இறங்குனதுமே சேதி வந்துருச்சு. டீக்கடையில “பெங்களூருப் பிள்ளைக்குக் கழுத்து வலியாம்”னு கிளம்புனது, ரேஷன் கடைப் பக்கம் “கழுத்து எலும்பு முறிஞ்சுபோச்சாம்”னு வளந்து, நம்ம தெருவுக்குள்ள நுழையும்போது உனக்குக் கடைசிப் பால் ஊத்தியாச்சு. இப்ப நீ ரெண்டு காலால நடந்து வந்து நிக்கிற. ஊர்க்காரங்களுக்கு எம்புட்டு ஏமாற்றம் பாரு.

உங்காத்தா அடுப்படியில என்ன சத்தம் போடுறா? “விளக்கு வைக்கிற நேரத்துல தலையில கைய வச்சு உக்காராதடா, குடும்பத்துக்கு ஆகாது”ன்னுதானே? அக்கா சொல்றது இருக்கட்டும். நீ எதுக்குக் கைய அங்க கொண்டுபோய் வச்சேன்னு யோசிச்சியா? தொங்கப் போட்டா தோள்ல இருந்து விரல் நுனி வரைக்கும் சுள்ளுன்னு இழுக்குது, உச்சந்தலையில தூக்கி வச்சா கொஞ்சம் அடங்குது. அதானே? கையத் தூக்கும்போது கழுத்துல இருந்து கைக்கு இறங்குற நரம்போட இழுப்பு தளருது, அதான் சங்கதி. நான் மதுரைப் பெரியாஸ்பத்திரியில சர்வீஸ் பூரா எலும்பு வார்டுல ஸ்ட்ரெச்சர் தள்ளுனவன். வெளிய பெஞ்சுல வரிசையா உக்காந்திருக்கிற சனத்துல எவன் தலையில கை வச்சிருக்கான்னு பெரிய டாக்டர் நோட்டம் விடுவாரு. “அந்த ஆளைக் கூப்பிடு, கழுத்து நரம்புல அழுத்தம்”னு படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டுவாரு. நமக்கு அபசகுனம், அவருக்கு அடையாளம்.

கவரைப் பிரிக்காத, இரு. முதல்ல எந்த விரல் மரத்துப்போகுதுன்னு சொல்லு. கட்டைவிரலும் ஆள்காட்டியுமா? அப்ப ஆறாம் நரம்பு. அஞ்சாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கியிருக்கும். இப்பப் பிரிச்சுப் படி. சி5-சி6னு போட்டிருக்கா? வாயைப் பிளக்காத, நான் குறி சொல்லல. நடுவிரல் மரத்திருந்தா ஏழாம் நரம்பும்பேன், சுண்டுவிரல்னா எட்டாம் நரம்பும்பேன். எல்லா நேரமும் இப்படிக் கச்சிதமா விழாது, ஆனா பாதிக்கு மேல விழும். ஸ்ட்ரெச்சர் தள்ளுனவனுக்கே இம்புட்டுத் தெரியுதுன்னா, டாக்டரு உன் விரலையும் தொட்டுப் பாத்து, முழங்கையில சின்னச் சுத்தியால தட்டிப் பாத்து, தலையச் சாய்ச்சு மேல இருந்து லேசா அமுக்கிப் பாத்தாருன்னா பாதி வியாதி தெரிஞ்சுரும். நீதான் டாக்டரைப் பாக்குறதுக்கு முந்தியே, வலி வந்த மூணாம் நாளு, படம் எடுக்குற கடைக்கு ஓடியிருக்க.

நம்ம பக்கத்துல எம்.ஆர்.ஐ. படம் இப்ப ஜாதகம் மாதிரி ஆயிப்போச்சு. வர்றவன் போறவனெல்லாம் வாங்கி வெளிச்சத்துல பிடிக்கிறான். தலைகீழாப் பிடிக்கிறான். “த்சொ” கொட்டுறான். “மூணு இடத்துல பல்ஜ் இருக்கேப்பா”ன்னு ஏழரைச் சனி இறங்குன மாதிரி சொல்லிட்டுப் போயிடுறான். உனக்கும் அப்படித்தானே சொன்னாங்க? ஒரு கணக்குச் சொல்றேன் கேளு. ஜப்பான்ல ஒரு நோவும் சொல்லாத 1,211 பேரைக் கூட்டியாந்து கழுத்தைப் படம் எடுத்தாங்க. 2015ல அது அச்சுல வந்துச்சு. அதுல 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுக்கம் இருந்துச்சு. இருபது வயசுக்காரப் பிள்ளைகள்லயே பத்துக்கு ஏழு பேருக்கு மேல. எல்லாரும் சோறு தின்னுட்டு வேலைக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தவங்க. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. என் பேத்தி பிசியோதெரபி படிக்கிறா. பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படிக்கிற கழுதை, தூங்க விடாம என்னையும் பாஸ் பண்ண வச்சிட்டா.

அதனால படத்துல பிதுக்கம் இருக்குங்கிறது ஒரு சேதியே இல்ல. அந்தப் பிதுக்கமும், உன் மரத்துப்போற விரலும், டாக்டர் தட்டிப் பாத்த முழங்கையும் ஒரே கதையச் சொல்லுதான்னுதான் பாக்கணும். கதை ஒத்துப்போகலன்னா படத்தை மடிச்சு உள்ள வை.

இந்த ஜவ்வு என்னன்னு சொல்றேன் கேளு. கழுத்துல எலும்பு 7. எனக்கும் 7, உனக்கும் 7, ஊர் மேயிற ஆட்டுக்கும் 7, ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான். அதுல மேல இருக்கிற ரெண்டுக்கும் நடுவுல ஜவ்வு கிடையாது. தலைய இடம் வலம் திருப்புறதுல பாதி வேலை அந்த ரெண்டோடதுதான். மத்த எலும்புகளுக்கு இடையில ஒவ்வொரு ஜவ்வு. வெளிய நார் நாரா வளையம், உள்ள கொழகொழன்னு ஒரு சதை. சின்ன வயசுல அந்தக் கொழகொழப்புல தண்ணி நிறைய இருக்கும். வயசு ஏற ஏற வத்தும். வெளி வளையத்துல கீறல் விழும். ஒரு நாள் நீ குனிஞ்சு செருப்பு மாட்டும்போதோ, தும்மும்போதோ, ஒண்ணுமே செய்யாமத் தூங்கி எந்திரிக்கும்போதோ உள்ள இருக்கிறது வெளிய எட்டிப் பாக்கும். நீ ஏதோ சிலிண்டர் தூக்குனதால வந்துச்சுன்னு ஒரு மாசமா உம் பொண்டாட்டியக் குத்தம் சொல்றியாமே. அந்தச் சிலிண்டர் பாவம். அதுக்குப் பல வருசம் முந்தியே வளையம் நைஞ்சிருக்கும்.

வெளிய வந்த சதை நரம்பைத் தொட்டு அமுக்குறது ஒரு பக்கம். அதுல இருந்து கசியிற சமாச்சாரம் நரம்பைச் சுட்டு வீங்க வைக்கிறது இன்னொரு பக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து அழ வைக்கிறது பெரும்பாலும் இந்தச் சூடுதான். அது சில வாரத்துல தணியும். பிதுங்குனதைக்கூட நம்ம உடம்பே வேண்டாத பொருளுன்னு கண்டுபிடிச்சுக் கொஞ்சங்கொஞ்சமா அரிச்சுத் தின்னுரும். நல்லா வெளிய வந்து விழுந்த துண்டுதான் வெரசாக் கரையும்னா நம்புவியா? படத்துல எது பயங்கரமாத் தெரியுதோ அதுவே முந்திக் காணாமப்போகுது.

அதனால எவனாவது “விலகுன ஜவ்வை உள்ள தள்ளிவிடுறேன்”னு வந்தா, அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு. “எந்த வழியா?” எலும்புக்கு நடுவுல எலும்போட எலும்பா ஒட்டி வளந்தது அது. கழண்டு உருண்டு ஓடுறதுக்கும் இல்ல, தள்ளி உள்ள சொருகுறதுக்கும் இல்ல.

ஆனா நம்ம ஊர் சும்மா இருக்குமா. சுளுக்குன்னு நினைச்சு உங்காத்தா முதல்ல தலகாணிய வெயில்ல போட்டிருப்பா. அது நல்ல வைத்தியம். தலகாணிக்கு நல்லது, உனக்குக் கெடுதல் இல்ல. அப்புறம் இரட்டைப் பிள்ளை பெத்தவளைத் தேடி ஆள் அனுப்பியிருப்பா, விளக்கெண்ணெய் போட்டு வழிச்சுவிட. மேலாக்க வழிச்சா சுகமாத்தான் இருக்கும், போகட்டும். உலக்கைய உருட்டுறேன்னு ஒருத்தன் வருவான். அவன்கிட்ட உலக்கைய வாங்கி வச்சுக்கிட்டு ஆளை அனுப்பிரு. கடைசியா வர்றான் பாரு சலூன்காரன். முடி வெட்டி முடிச்சு, தாடையில ஒரு கையும் பிடரியில ஒரு கையும் குடுத்து, நீ சினிமாப் போஸ்டரப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே “மடக்”குனு ஒரு திருப்பு. நீயும் கண்ணை மூடி “ஆகா”ங்கிற. அதுக்கு இருபது ரூவா கூடக் குடுக்கிற. அந்தக் கழுத்தெலும்புல ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கு, அது வழியாத்தான் மூளைக்கு ரெத்தக் குழாய் ஏறுது. முரட்டுத்தனமாத் திருப்புனா அந்தக் குழாயோட உள்பக்கம் கிழிஞ்சு, ரெத்தம் கட்டி, பக்கவாதம் வந்தவங்க உண்டு. தினமும் நடக்கிறது இல்ல, ஆனா நடந்திருக்கு. 2017ல டெல்லிப் பக்கம் ஒரு ஆளு இப்படிச் சொடக்கு எடுத்துக்கிட்டு, மூச்சை இழுத்துவிடுற உதரவிதானத்துக்குப் போற நரம்பு கெட்டு, மூச்சுக்குக் கருவி வச்ச கதை பேப்பர்ல வந்துச்சு. கழுத்துக்குள்ள இருந்துதான் அந்த நரம்பும் கிளம்புது. இருபது ரூவாய்க்கு இது ரொம்ப மலிவு மருமகனே.

“எங்க காலத்துல யாருக்குப்பா கழுத்து வலி வந்துச்சு, கம்பங்கூழு குடிச்ச உடம்பு”ன்னு திண்ணையில ரெண்டு பெருசு சொல்லும். அதுல ஒருத்தன் நானாக்கூட இருக்கலாம், நம்பாத. சும்மாடு கட்டி நெல்லு மூட்டை சுமந்தவனையும், கட்டட வேலையில தலையில செங்கல் அடுக்கிக்கிட்டு மாடிப்படி ஏறுன சித்தாள் பொம்பளைகளையும் வார்டுல நான் தள்ளியிருக்கேன். அவங்க கழுத்துப் படமெல்லாம் உன்னோடதைவிட மோசம். அவங்க வலியச் சொல்ல ஆள் இல்ல, சொன்னாலும் மறுநாள் கூலி போகும். அதனால “அந்தக் காலத்துல இல்ல”ன்னு பேரு வந்துருச்சு.

உன் போன் விசயத்துக்கு வர்றேன், மூஞ்சியச் சுளிக்காத. மனுசன் தலை 5 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். உன்னோடது கம்மியா இருக்கலாம். 2014ல நியூயார்க் டாக்டர் கென்னத் ஹன்ஸ்ராஜ் ஒரு கணக்குப் போட்டாரு. நேரா வச்சிருந்தா அந்த அஞ்சு கிலோ, 60 டிகிரி குனிஞ்சா கழுத்து தாங்குற பாரம் 27 கிலோ. அது கம்ப்யூட்டர்ல போட்ட கணக்கு, உசிரோட எவன் கழுத்துலயும் தராசு கட்டி நிறுத்தது இல்ல. போன் பாத்தாலே ஜவ்வு பிதுங்கும்னு யாரும் அடிச்சு நிரூபிக்கவும் இல்ல. வயசு, பரம்பரை, பீடி சிகரெட்டு எல்லாம் சேர்ந்த வினை. ஜவ்வுக்குன்னு தனி ரெத்த ஓட்டம் கிடையாது, பக்கத்து எலும்புல இருந்து ஊறி வர்றதுதான் அதுக்குச் சாப்பாடு. நீ மொட்டை மாடிக்கு “காத்து வாங்க” போறியே, அந்தப் புகை அந்தச் சாப்பாட்டுலயும் கைய வைக்குது. உம் பொண்டாட்டிக்குத் தெரியாதுன்னு நினைக்காத.

ஆனா ஏற்கெனவே புண்ணாயிருக்கிற கழுத்தை மணிக்கணக்குல தொங்கப் போட்டா வலி கூடும், அதுக்கு ஆராய்ச்சி வேணாம். போனை நெஞ்சுக்கு மேல தூக்கிப் பிடி. கை வலிக்குமே மாமாங்கிறியா? வலிக்கட்டும், அப்பவாவது கீழ வைப்ப. லேப்டாப்பை மடியில வச்சுக் கட்டில்ல சாஞ்சு வேலை பாக்குறதை விடு. நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி, அதுக்கு மேல வச்சுக் கண்ணு மட்டத்துக்குக் கொண்டுவா. வாங்கிப் படிக்காத புத்தகம் உங்கிட்ட நிறைய இருக்குமே. தட்டுறதுக்குத் தனி கீபோர்டு வாங்கிக்க. அரை மணிக்கு ஒருக்க எந்திரிச்சு நாலு எட்டு நட. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு வண்டி ஓட்டுனதைப் போன பொங்கலுக்கே பாத்தேன், அன்னைக்கே ரெண்டு வச்சிருக்கணும்.

இந்தப் பட்டையப் பத்திக் கேக்குறியா. போட்டது தப்பில்ல. ஹாலந்துல புதுசா கைக்கு வலி இறங்குன 205 பேரைப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்குப் பட்டை, ஒரு கூட்டத்துக்குப் பிசியோதெரபி, ஒரு கூட்டத்தைச் சும்மா விட்டுப் பாத்தாங்க. 2009ல முடிவு வந்துச்சு. ஆறு வாரத்துல பட்டை போட்டவனுக்கும் பயிற்சி செஞ்சவனுக்கும் வலி நல்லாக் குறைஞ்சிருந்துச்சு. ஆறு மாசத்துல மூணு கூட்டமும் ஒண்ணாயிருச்சு. அதனால முதல் சில வாரத்துக்குப் போடு, அப்புறம் பையப் பைய அவிழ்த்து வை. மாசக்கணக்கா கட்டிக்கிட்டே திரிஞ்சா கழுத்துச் சதை வேலை மறந்துபோகும். பஸ்ல சீட்டு கிடைக்குதுன்னு போட்டுக்கிட்டு வந்திருந்தா அது வேற, அந்தச் சூட்சுமத்தை நான் மெச்சுறேன்.

தலகாணி ஒண்ணு போதும். மல்லாக்கவோ ஒருக்களிச்சோ படு. ஒருக்களிச்சுப் படுத்தா தோளுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கிற இடத்தைத் தலகாணி நிரப்பணும், அதான் உயரக் கணக்கு. குப்புறப் படுத்தா ராத்திரி பூரா கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கிட்டே கிடக்கும். வெந்நி ஒத்தடம் சுகமா இருந்தா குடு. விரல் மரத்த ஆளுக்குச் சூடு உறைக்காது, அதனால உங்காத்தா கையால பதம் பாத்துட்டுக் குடுக்கச் சொல்லு.

பயிற்சி ஒண்ணு காட்டுறேன், சிரிக்காம செய். உள்ளங்கைய நெத்தியில வை. தலையால கையத் தள்ளு, கையால தலையத் தடு. தலை ஒரு நூல்கூட அசையக் கூடாது. அஞ்சு எண்ணு, விடு. இதே மாதிரி பிடரியில, ரெண்டு பக்கக் கன்னத்துல. அப்புறம் தாடைய நேரா உள்ள இழு. போட்டோவுல மறைக்கிறியே ரெட்டைத் தாடை, அதை இப்ப வேணும்னே வரவை. செய்யச் செய்ய வலி விரலை விட்டு முழங்கைக்கு, முழங்கைய விட்டுத் தோளுக்குன்னு மேல ஏறுனா சந்தோசப்படு, அது வீட்டுக்குத் திரும்புது. கீழ கீழ இறங்குனா அந்தப் பயிற்சிய நிறுத்து. எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான். மிச்சத்தைப் படிச்ச பிசியோகாரர்கிட்ட நேர்ல உக்காந்து கத்துக்க. வீடியோவுல ஒருத்தன் குட்டிக்கரணம் போடுறதைப் பாத்துப் போடாத.

மாத்திரை விசயத்தை மறந்துட்டேன் பாரு. பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல “கழுத்து வலி, ரெண்டு செட்டுக் குடுங்க”ன்னு வாங்கியிருக்க. சட்டைப் பையில காகிதப் பொட்டலம் எட்டிப் பாக்குது. அந்தச் செட்டுல நாலு கலர்ல மாத்திரை இருக்கும், பேரு ஒண்ணுலயும் இருக்காது. பல செட்டுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதான் போட்ட ஒரு மணி நேரத்துல பறக்குற மாதிரி இருக்கு. சும்மா தொடர்ந்து போட்டா சர்க்கரை ஏறும், மூஞ்சி வீங்கும், வயித்துல புண்ணு வரும். வலி மாத்திரை சிறுநீரகத்தையும் சோதிக்கும். டாக்டரும் சில சமயம் இதே மருந்தைக் கொஞ்ச நாளைக்கு எழுதுவாரு, நரம்பு வலிக்குன்னு தனி மாத்திரையும் குடுப்பாரு. ஆனா அவரு உன் சர்க்கரையையும் பி.பி.யையும் பாத்துட்டு எழுதுவாரு. மெடிக்கல்காரர் உன் சட்டைப் பைய மட்டும் பாத்துட்டுக் குடுக்கிறாரு. கொண்டா அந்தப் பொட்டலத்தை.

ஆபரேஷனா? அதுக்குள்ள எதுக்கு. அமெரிக்காவுல ரோச்செஸ்டர்னு ஒரு ஊர்ல 1976ல இருந்து 1990 வரைக்கும் இந்த வலி வந்த அத்தனை பேரையும் பின்தொடர்ந்து கணக்கெடுத்தாங்க. நாலுல ஒருத்தருக்கு ஆபரேஷன் ஆச்சு, மிச்சப் பேருக்கு இல்லாமயே ஓடிருச்சு. கடைசியாப் பாத்தப்ப பத்துல ஒன்பது பேருக்கு வலி சுத்தமா இல்ல, இல்லாட்டி லேசா. வாரக்கணக்கா மருந்துக்கும் பயிற்சிக்கும் மசியாம, கையில பலமும் குறைஞ்சுக்கிட்டே போனா அப்பப் பேசலாம். அப்பவும் நீ பயந்து ஓடிராத. பிடரியில நோவுன்னா தொண்டைப் பக்கமாத் திறப்பாங்க, ஆள் தெரியாம மாத்திட்டாங்கன்னு நினைச்சுக்காத. 1950கள்லேயே கண்டுபிடிச்ச வழி அது. தண்டுவடத்தைத் தொந்தரவு பண்ணாம முன்பக்கமாப் போயி, கெட்ட ஜவ்வை எடுத்துட்டு, எலும்பை வச்சுச் சேர்த்துவிடுறது. இப்பச் செயற்கை ஜவ்வும் வைக்கிறாங்க.

இனிமே சொல்றதுல கேலி இல்ல, காதை இங்க குடு. சட்டைப் பொத்தான் போட விரல் திணறுச்சுன்னா, சாவியத் துவாரத்துல சொருக வரலன்னா, நடக்கும்போது காலு பின்னுச்சுன்னா, செருப்பு கழண்டு விழுந்தது தெரியலன்னா, குனியும்போது முதுகுத் தண்டுல கரண்டு அடிச்ச மாதிரி ஓடுச்சுன்னா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியலன்னா, அது நரம்புல நிக்கல, நடுத்தண்டுவடத்தை அமுக்குது. அதுக்கு ஒத்தடமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. காய்ச்சலோட கழுத்து வலி, எடை குறையிறது, ராத்திரி படுத்தாலும் குறையாத வலி, கீழ விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, நாளுக்கு நாள் கை சோர்ந்துபோறது, இதுல எதுவும் வீட்டுல வச்சுப் பாக்குற சமாச்சாரம் இல்ல. இடது கை வலியோட நெஞ்சு அமுக்கி, வேர்த்துக் கொட்டுனா அதைக் கழுத்துக் கணக்குல எழுதிராத, அது இருதயமா இருக்கும். அப்ப என்கிட்டயும் யோசனை கேக்காத, உங்காத்தாகிட்டயும் கேக்காத. நேரா 108க்குப் போனைப் போடு.